டெக்சாஸுக்குள்ளயே வித்த துப்பாக்கிய பார்சல்ல அனுப்பறது: சட்டம் என்ன சொல்லுது, நடைமுறை என்ன, படிப்படியா முழு வழிகாட்டி

டெக்சாஸ்ல இருக்கற ஒருத்தர் டெக்சாஸ்லயே இருக்கற இன்னொருத்தருக்கு தன்னோட சொந்த துப்பாக்கிய வித்துட்டு அத பார்சல்ல அனுப்பலாமா? ஃபெடரல் சட்டத்த மட்டும் படிச்சா அனுப்பலாம்னுதான் பதில் வரும், ஆனா பெட்டிய தூக்கிட்டு கவுண்டர்ல போய் நின்னா பாதி எடத்துல வாங்கவே மாட்டாங்க, வாங்கற எடத்துலயும் எந்த துப்பாக்கிங்கறத பொறுத்து ரூல் தலைகீழா மாறும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நல்லவங்களே மாட்டிக்கறாங்க. எல்பாசோல இருந்து ஹூஸ்டனுக்கு 700 மைலுக்கு மேல, ஒரே ஸ்டேட்தான், அவ்ளோ தூரம் ஓட்டிட்டு போறதுக்கு பதிலா அனுப்பிடலாமேன்னு தோணறது நியாயம்தான். அத எப்படி சட்டத்துக்குள்ள நின்னு பண்றதுன்னு மொதல்லேர்ந்து பாப்போம். டெக்சாஸ எடுத்துக்கிட்டதுக்கு காரணம், இங்க தனிநபர் விற்பனைக்கு ஸ்டேட் போடற கட்டுப்பாடு ரொம்ப கம்மி, அதனால ஃபெடரல் ரூல் எது, கொரியர் கம்பெனி ரூல் எதுன்னு தனித்தனியா தெளிவா தெரியும். வேற ஸ்டேட்ல இருக்கறவங்களுக்கு நடுவுல ஒரு பகுதி இருக்கு, அத கட்டாயம் படிங்க.

முதல் படி: ரெண்டு பேரும் உண்மையிலேயே ஒரே ஸ்டேட்டா

எல்லாம் இதுல இருந்துதான் ஆரம்பம். 1968ல வந்த கன் கண்ட்ரோல் ஆக்ட் சொல்றது இதுதான்: லைசென்ஸ் இல்லாத ஒருத்தர் லைசென்ஸ் இல்லாத இன்னொருத்தருக்கு நேரடியா துப்பாக்கி குடுக்கணும்னா ரெண்டு பேரும் ஒரே ஸ்டேட்ல குடியிருக்கறவங்களா இருக்கணும். வாங்கறவர் வேற ஸ்டேட்காரர்னு தெரிஞ்சோ, அப்படி நினைக்க நியாயமான காரணம் இருந்தும் கண்டுக்காமலோ குடுத்தா அது ஃபெடரல் குற்றம். ஷிப்பிங்ல மட்டும் இல்ல, கையில குடுத்தாலும் அதேதான்.

"ஒரே ஊர்தானே"ன்னு நெனச்சு இங்க ஏமாறாதீங்க. டெக்சர்கானா ஊர் பாதி டெக்சாஸ்ல பாதி ஆர்கன்சால இருக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் வேற ஸ்டேட்காரர். எல்பாசோவும் அப்படித்தான், ஒட்டியே இருக்கற சன்லேண்ட் பார்க் நியூ மெக்சிகோ, அங்க இருந்து தினம் எல்பாசோவுக்கு வேலைக்கு வர்றவர் "நான் எல்பாசோதான்"னு பழக்கத்துல சொல்லிடுவார், பொய் சொல்லணும்னு இல்ல. அதனால ஊர் பேர கேக்காதீங்க, டிரைவர் லைசென்ஸ கேளுங்க, அதுல இருக்கற அட்ரஸும் அவர் இப்ப குடியிருக்கற அட்ரஸும் ஒண்ணான்னு கேளுங்க. ராணுவத்துல வேலை பாக்கறவங்களுக்கு அவங்க நிரந்தர டியூட்டி ஸ்டேஷன் எந்த ஸ்டேட்ல இருக்கோ அதுவும் குடியிருப்பா கணக்காகும், அப்ப லைசென்ஸ் வேற ஸ்டேட்டா இருந்தாலும் ஆர்டர் பேப்பர பாத்து முடிவு பண்ணலாம். ரெண்டு ஸ்டேட்ல வீடு இருக்கறவர், எந்த நேரத்துல எங்க உண்மையா குடியிருக்காரோ அந்த ஸ்டேட்காரர்.

இதுல சந்தேகம் வந்துச்சுன்னா நேரடியா அனுப்பற பேச்சே வேண்டாம், லைசென்ஸ் உள்ள டீலர் வழியா போங்க. அந்த டீலர எல்லாரும் எஃப்எஃப்எல்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

ரெண்டாவது: வாங்கறவர் துப்பாக்கி வச்சுக்கலாமா

டெக்சாஸ்ல தனிநபர் விற்பனைக்கு பேக்ரவுண்ட் செக் கட்டாயம் இல்ல, ரிஜிஸ்ட்ரேஷனும் கெடையாது. ஆனா கட்டாயம் இல்லைன்னா பொறுப்பும் இல்லைன்னு அர்த்தம் இல்ல. வச்சுக்க தடை இருக்கற ஒருத்தருக்கு, அது தெரிஞ்சோ நம்ப காரணம் இருந்தோ வித்தா 2022ல திருத்தின சட்டப்படி 15 வருஷம் வரைக்கும் ஜெயில். தடை யாருக்கெல்லாம்னா, ஒரு வருஷத்துக்கு மேல தண்டனை வரக்கூடிய குற்றத்துல கன்விக்ட் ஆனவங்க, தேடப்படறவங்க, சட்டவிரோத போதைப் பொருள் பயன்படுத்தறவங்க, மனநல காரணத்துக்காக கோர்ட் ஆர்டர்ல சேர்க்கப்பட்டவங்க, குடும்ப வன்முறைல கன்விக்‌ஷனோ பாதுகாப்பு ஆர்டரோ இருக்கறவங்க, ராணுவத்துல இருந்து அவமதிப்போட வெளியேத்தப்பட்டவங்க, குடியுரிமைய துறந்தவங்க, சட்டவிரோதமா நாட்டுல இருக்கறவங்க. மரிஜுவானா பக்கத்து ஸ்டேட்ல கடையில விக்குது, அதனால பிரச்சனை இல்லைன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. ஃபெடரல் சட்டத்துல அது இன்னும் தடை செஞ்ச பொருள்தான்.

நம்ம ஆளுங்க தனியா தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன்ல ஹெச்1பி, எஃப்1 மாதிரி நான்-இமிக்ரண்ட் விசால இருக்கற தமிழர்கள் ஏராளம். அந்த விசால வந்தவங்க பொதுவா துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்கக் கூடாது, விதிவிலக்குகள்ல சாதாரண ஆளுக்கு பொருந்தறது ஒண்ணுதான், ஏதாவது ஒரு ஸ்டேட் குடுத்த செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ் கையில இருக்கணும். அது காலாவதி ஆன அன்னைக்கு விதிவிலக்கும் போச்சு. கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கு இந்த தடை இல்ல. ஆனா கிரீன் கார்டோ விசாவோ, சிட்டிசன் ஆகாதவங்க துப்பாக்கி சட்டத்துல கன்விக்ட் ஆனா ஜெயிலோட முடியாது, நாட்ட விட்டு அனுப்பறதுக்கே அது தனிக் காரணம். ஆபீஸ் கொலீக் "உன்னோட பழைய ரைஃபிள எனக்கு குடு"ன்னு கேட்டா விசா என்னன்னு கேக்க கூச்சப்படாதீங்க, உங்களுக்காக மட்டும் இல்ல, அவருக்காகவும்தான்.

வயசு: தனிநபர் விற்பனைல 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு ஹேண்ட்கன் குடுக்க ஃபெடரல் சட்டம் தடை போடுது, டெக்சாஸ் பீனல் கோட் எந்த துப்பாக்கியா இருந்தாலும் 18க்கு கீழ விக்கறத குற்றமாக்குது. அதே பிரிவுல போதையில இருக்கறவருக்கு தெரிஞ்சே விக்கறதும் குற்றம். டீலர் வழியா போனா ஃபெடரல் சட்டத்துல இருக்கற கணக்கு, லாங் கன்னுக்கு (ரைஃபிள், ஷாட்கன்) 18, ஹேண்ட்கன்னுக்கு 21.

மூணாவது: இது எந்த மாதிரி துப்பாக்கி

இங்கதான் பாதை ரெண்டா பிரியுது, அதனால நிதானமா பாருங்க.

ரைஃபிள், ஷாட்கன் ரெண்டும் லாங் கன். இத லைசென்ஸ் இல்லாத தனிநபர், அதே ஸ்டேட்ல இருக்கற இன்னொரு தனிநபருக்கு, இல்லைன்னா எந்த ஸ்டேட்ல இருக்கற எஃப்எஃப்எல்லுக்கும் போஸ்ட் ஆபீஸ் வழியா அனுப்ப ஃபெடரல் சட்டம் அனுமதிக்குது. துப்பாக்கி சட்டத்த அமல்படுத்தற ஃபெடரல் ஏஜென்சியான ஏடிஎஃப்பும் அப்படித்தான் சொல்லுது. தோட்டா இருக்கக் கூடாது, பேரல் நீளம் சட்டப்படி இருக்கணும், ரைஃபிள்னா 16 இன்ச், ஷாட்கன்னா 18 இன்ச், இதுக்கு கொறஞ்சா அது வேற வகை ஆகிடும்.

பிஸ்டல், ரிவால்வர் மாதிரி உடம்புல மறைச்சு எடுத்துட்டு போகக் கூடியது எல்லாம் ஹேண்ட்கன். 1927ல இருந்து இருக்கற ஒரு சட்டம் இத தனிநபர்கள் தபால்ல அனுப்பறத தடை பண்ணுது, மீறினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில்னு எழுதியிருக்கு. ஒரே ஸ்டேட், ஒரே ஊர், அடுத்த தெருன்னாலும் விலக்கு இல்ல. இந்த சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம்னு கோர்ட்ல சவால் பண்ணியிருக்காங்க, அதனால மாறிடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பி பெட்டிய கட்டாம, எத தபால்ல அனுப்பலாம், எத கூடாதுன்னு சொல்ற போஸ்ட் ஆபீஸோட ரூல் புத்தகமான பப்ளிகேஷன் 52ல அனுப்பற அன்னைக்கு என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க.

பேரல கட் பண்ணின ஷாட்கன், ஷார்ட் பேரல் ரைஃபிள், சைலென்சர், மெஷின் கன் எல்லாம் 1934 நேஷனல் ஃபயர் ஆர்ம்ஸ் ஆக்ட்ல வர்றது. ஏடிஎஃப் அப்ரூவல் வராம கை மாறவே கூடாது, இந்த வழிகாட்டி அதுக்கு பொருந்தாது.

இன்னும் ரெண்டு விஷயம். ஏஆர்-15 மாதிரி துப்பாக்கில லோயர் ரிசீவர், அதாவது ட்ரிகர் உக்கார்ற கீழ்ப் பாகம், மட்டும் தனியா வித்தாலும் சட்டத்துக்கு அது ஒரு முழு துப்பாக்கி, பார்ட்ஸுன்னு நெனச்சு அனுப்பிடாதீங்க. சீரியல் நம்பர் அழிஞ்சோ சுரண்டியோ இருந்தா அத விக்கற யோசனைய அங்கயே நிறுத்துங்க, வச்சிருக்கறதே குற்றம், உடனே ஒரு வக்கீல பாருங்க.

நாலாவது: எந்த வழியில அனுப்பறது

ஹேண்ட்கன்ன தபால்ல அனுப்பக் கூடாது, தனியார் கேரியர்லதான் அனுப்பணும்னு ஏடிஎஃப் சொல்லுது. சரின்னு தனியார் கேரியர்கிட்ட போனா யூபிஎஸ்ஸும் ஃபெட்எக்ஸும் தனிநபர்கிட்ட இருந்து துப்பாக்கிய வாங்கறதே இல்ல, ஹேண்ட்கன் மட்டும் இல்ல லாங் கன்னும்தான். லைசென்ஸ் இருக்கணும், அதுக்கு மேல கம்பெனியோட தனியா ஒப்பந்தமும் போட்டிருக்கணும். சட்டம் தெறந்து வச்ச கதவ கம்பெனி மூடி வச்சிருக்கு, அந்த உரிமை கம்பெனிக்கு இருக்கு. பல வருஷத்துக்கு முன்னாடி எழுதின "நெக்ஸ்ட் டே ஏர்ல அனுப்புங்க"ங்கற அறிவுரை இன்னும் சுத்திட்டு இருக்கு, அத நம்பாதீங்க. மெஷின் பார்ட்ஸ்னு எழுதி குடுத்துடலாம்னு சொல்றவங்க பேச்சையும் கேக்காதீங்க. ஒரே ஸ்டேட்டுக்குள்ள அனுப்பினாலும் பெட்டி மெம்ஃபிஸ், லூயிவில்னு கம்பெனியோட ஹப்புக்கு போய்ட்டு வரலாம், அப்ப அது ஸ்டேட் எல்லைய தாண்டின பார்சல், லைசென்ஸ் இல்லாதவருக்கு போற துப்பாக்கின்னா கேரியருக்கு எழுத்துல சொல்லியே ஆகணும்ங்கற ஃபெடரல் ரூலும் கூடவே வந்துடும். மறைச்சு அனுப்பினா அந்த குற்றம் உங்க தலையில.

அப்ப தனிநபருக்கு மிச்சம் இருக்கற வழிகள் மூணு.

ஒண்ணு, ஓட்டிட்டு போய் நேர்ல குடுக்கறது. டல்லாஸ்-ஹூஸ்டன் மாதிரி நாலு மணி நேர டிரைவ்னா இதுதான் சுலபம், நடுவுல ஒரு ஊர்ல, முடிஞ்சா ஒரு எஃப்எஃப்எல் கடையிலயே சந்திச்சு மாத்திக்கலாம். எல்பாசோ பக்கம் போறவங்க ஒண்ணு கவனிங்க, தப்பான லேன்ல போய் ஹுவாரெஸ் பாலத்துல ஏறிட்டா கார்ல இருக்கற துப்பாக்கி மெக்சிகோ சட்டத்துல பெரிய குற்றம், தெரியாம வந்துட்டேன்னா விட மாட்டாங்க.

ரெண்டு, லாங் கன்னா இருந்தா போஸ்ட் ஆபீஸ். இத நேரா வாங்கறவர் வீட்டுக்கும் அனுப்பலாம், அவர் ஊர் எஃப்எஃப்எல்லுக்கும் அனுப்பலாம்.

மூணு, எஃப்எஃப்எல்ல இருந்து எஃப்எஃப்எல். உங்க ஊர் டீலர்கிட்ட குடுத்தா அவர் வாங்கறவர் ஊர் டீலருக்கு அனுப்புவார். ஹேண்ட்கன்ன அனுப்பறதுன்னா நடைமுறைல இது ஒண்ணுதான் வழி. டீலர்களுக்குள்ள தபால்லயே ஹேண்ட்கன் அனுப்ப போஸ்ட் ஆபீஸ்ல 1508னு ஒரு ஃபார்ம் இருக்கு, அதெல்லாம் அவர் பாத்துப்பார். ரெண்டு பக்கமும் ஃபீஸ் ஆகும், யார் எவ்ளோ குடுக்கறதுன்னு விலை பேசும்போதே பேசிடுங்க.

என் கருத்த கேட்டா, முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு லாங் கன்னா இருந்தாலும் நேரா வீட்டுக்கு அனுப்பாதீங்க. சட்டம் விடுதுங்கறது உண்மைதான். ஆனா நேர்ல குடுத்தா ஆள பாக்கறீங்க, ஐடிய கையில வாங்கி முகத்தோட ஒத்துப் பாக்கறீங்க, பேச்சுல ஏதாவது சரியில்லைன்னா துப்பாக்கிய எடுத்துட்டு திரும்பி வந்துடலாம். பெட்டி போனா அங்க கதவ தெறக்கறது யாருன்னே உங்களுக்கு தெரியாது. ஃபோட்டோல வந்த லைசென்ஸ் வேற ஒருத்தருதா இருந்தா? டீலர்கிட்ட அனுப்பினா அங்க வாங்கறவர் 4473 ஃபார்ம எழுதி கையெழுத்து போடணும், 1998ல இருந்து நடக்கற நிக்ஸ் பேக்ரவுண்ட் செக் ஓடும், ஹேண்ட்கன்ன கூட எடுத்துட்டு போக ஸ்டேட் குடுக்கற டெக்சாஸ் கேரி லைசென்ஸ் வச்சிருக்கறவருக்கு மட்டும் அந்த லைசென்ஸே செக்குக்கு பதிலா ஏத்துக்கப்படும். தப்பான கைக்கு போகாம இருக்க இத விட நல்ல ஏற்பாடு தனிநபருக்கு இல்ல, அதுக்கு ஆகற ஃபீஸ தயங்காம குடுக்கலாம்.

வேற ஸ்டேட்ல இருக்கறவங்களுக்கு

கலிஃபோர்னியா, நியூயார்க், கொலராடோ, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, நியூ மெக்சிகோ மாதிரி ஸ்டேட்கள்ல தனிநபர் விற்பனைக்கும் பேக்ரவுண்ட் செக் கட்டாயம், சில குடும்ப விலக்குகள தவிர. கலிஃபோர்னியால ரெண்டு பேரும் டீலர் வழியாதான் போகணும், 10 நாள் காத்திருப்பும் உண்டு. பென்சில்வேனியால ஹேண்ட்கன்னுக்கு டீலரோ ஷெரிஃபோ வழியா போகணும், சாதாரண லாங் கன்னுக்கு அந்த கட்டாயம் இல்ல. இப்படி கட்டாயம் இருக்கற எடத்துல ஃபெடரல் சட்டத்த காட்டி நேரா வீட்டுக்கு அனுப்ப முடியாது, ரெண்டு சட்டத்தையும் சேத்துதான் பின்பத்தணும். இதுக்கு மேல சிட்டி ரூலும் இருக்கற எடம் உண்டு.

அஞ்சாவது: பணமும் பேப்பரும்

தனிநபர் விற்பனைக்கு ரசீது வேணும்னு ஃபெடரல் சட்டமோ டெக்சாஸ் சட்டமோ கேக்கல. ஆனாலும் எழுதுங்க. தேதி, மேக், மாடல், காலிபர், சீரியல் நம்பர், விலை, ரெண்டு பேர் பேரும் அட்ரஸும், "நான் டெக்சாஸ்ல குடியிருக்கேன், துப்பாக்கி வச்சுக்க எனக்கு சட்டத் தடை இல்ல, எனக்காகத்தான் வாங்கறேன்"ங்கற ஒரு வாக்கியம், கீழ கையெழுத்து. கேரி லைசென்ஸ் இருக்கறவர்னா அத காட்டச் சொல்லலாம். நாளைக்கு அந்த துப்பாக்கி ஏதாவது கேஸ்ல சிக்கினா ஏடிஎஃப் மொதல்ல வாங்கின கடையில இருந்து தேடிட்டு வந்து உங்க கதவ தட்டும், அப்ப காட்ட உங்ககிட்ட இந்த ஒரு பேப்பர்தான் இருக்கும்.

வேற யாருக்கோ வாங்கிட்டு தனக்குன்னு சொல்றது ஸ்ட்ரா பர்ச்சேஸ், 2022ல அதுக்குன்னே தனி ஃபெடரல் குற்றம் வந்துடுச்சு, அதுக்கும் 15 வருஷம் வரைக்கும் உண்டு. பணம் ஒருத்தர் அனுப்பறார், பார்சல் இன்னொருத்தர் பேருக்கு கேக்கறார்னா அந்த வியாபாரம் வேண்டாம். பேபால் விதிகள்ல துப்பாக்கி விற்பனைக்கு எடம் இல்ல, போஸ்டல் மணி ஆர்டர் நல்ல வழி, அத கவுண்டர்ல மாத்தி காச கையில பாத்த பிறகு அனுப்புங்க. அப்பறம் லாபத்துக்காக திரும்பத் திரும்ப வாங்கி வித்தீங்கன்னா நீங்க தனிநபர் இல்ல, லைசென்ஸ் இல்லாத வியாபாரி. தன்னோட கலெக்‌ஷன்ல இருந்து எப்பவாவது விக்கறவங்களுக்குத்தான் இதெல்லாம்.

ஆறாவது: எஃப்எஃப்எல்லுக்கு அனுப்பறதுன்னா

பெட்டி கட்டறதுக்கு முன்னாடியே அந்த டீலருக்கு ஃபோன் போடுங்க. எல்லா டீலரும் தனிநபர்கிட்ட இருந்து வர்ற பார்சல வாங்கறதில்ல, சிலர் இன்னொரு டீலர் அனுப்பினாதான் வாங்குவாங்க. வாங்குவேன்னா லைசென்ஸ் காப்பி கேளுங்க, அதுல இருக்கற நம்பர ஏடிஎஃப்போட எஃப்எஃப்எல் ஈசி செக்ல போட்டா உயிரோட இருக்கற லைசென்ஸா, அட்ரஸ் சரியான்னு தெரியும். ஈசி செக்ல வர்ற அட்ரஸுக்கு மட்டும்தான் அனுப்பணும், "கடை மாறிட்டோம், இங்க அனுப்புங்க"ன்னு மெசேஜ் வந்தா திரும்ப ஃபோன் போட்டு கேளுங்க. பெட்டிக்குள்ள உங்க ஐடி காப்பி, வாங்கறவர் பேர், ஃபோன் நம்பர், விற்பனை பேப்பர் காப்பி வைங்க, இது இல்லாம வந்த துப்பாக்கிய யாருக்கு குடுக்கறதுன்னு டீலருக்கே தெரியாது.

ஏழாவது: பேக்கிங்

தோட்டாவ எல்லாம் வேற ரூம்ல வச்சுட்டு வந்து ஆரம்பிங்க. மேகசின கழட்டுங்க, சேம்பர தெறந்து கண்ணால பாருங்க, விரல விட்டும் பாருங்க, ட்யூப் மேகசின் ஷாட்கன்னா உள்ள ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், அதையும் பாருங்க. அப்பறம் வீட்ல இன்னொருத்தர கூப்பிட்டு அவர் கண்ணாலயும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. போல்ட் ஆக்‌ஷன்னா போல்ட்ட கழட்டி தனியா சுத்தி வைங்க, ஆக்‌ஷன் வழியா கேபிள் லாக் போட்டு சாவிய தனியா அனுப்புங்க. ரெட் டாட் (குறி பாக்கற எலக்ட்ரானிக் சைட்) இருந்தா பேட்டரிய கழட்டிடுங்க. பெட்டில ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது, போஸ்ட் ஆபீஸ்ல தோட்டா அனுப்பவே முடியாது, வாங்கறவர் "கூட ரெண்டு பாக்ஸ் போடுங்க"ன்னு கேட்டாலும் போடாதீங்க.

ஹார்ட் கேஸ்ல ஃபோம் நடுவுல வச்சு பூட்டி, அத சாதா அட்டைப் பெட்டிக்குள்ள போடுங்க, ஆட்டினா சத்தம் வரக் கூடாது. வெளிய துப்பாக்கி கம்பெனி பேர், லோகோ, "ரைஃபிள்"ங்கற எழுத்து எதுவும் கூடாது, டீலர் கடை பேர்ல கன்ஸ், ஆர்ம்ஸ்னு இருந்தா சுருக்கி எழுதலாமான்னு அவர்கிட்டயே கேளுங்க. ரெஜிஸ்டர்ட் மெயில்ல அனுப்பறதுன்னா பிளாஸ்டிக் டேப் ஒட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க, பழுப்பு பேப்பர் டேப் மட்டும்தான் ஒட்டணும், ஏன்னா ஒட்டின எடத்துல எல்லாம் மை முத்திரை குத்துவாங்க, நடுவுல யாராவது பிரிச்சா அது காட்டிக் குடுத்துடும்.

எட்டாவது: கவுண்டர்ல

லாங் கன்ன ரெஜிஸ்டர்ட் மெயில்ல அனுப்பறதத்தான் போஸ்ட் ஆபீஸ் பரிந்துரைக்குது. கொஞ்சம் மெதுவா போகும், ஆனா ஒவ்வொரு கையிலயும் கையெழுத்து வாங்கிட்டுதான் நகரும், 50,000 டாலர் வரைக்கும் இன்சூரன்ஸும் உண்டு. எப்படி அனுப்பினாலும் வாங்கும்போது கையெழுத்து கட்டாயம்னு போடுங்க. பிஓ பாக்ஸுக்கோ, வாங்கறவர் போஸ்ட் ஆபீஸ்லயே போய் எடுத்துக்கற ஜெனரல் டெலிவரிக்கோ வேண்டாம். உள்ள என்னன்னு கேட்டா உள்ளத சொல்லுங்க, லோட் பண்ணாத ரைஃபிள், ஒரே ஸ்டேட்டுக்குள்ள போகுதுன்னு. தோட்டா இல்லைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லியோ தெறந்து காட்டச் சொல்லியோ கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. கிளார்க் ரூல் தெரியாம முடியாதுன்னு சொன்னா சண்டை போடாதீங்க, பப்ளிகேஷன் 52ல துப்பாக்கி பத்தின பகுதிய பிரிண்ட் எடுத்துட்டு போங்க, போஸ்ட்மாஸ்டர்கிட்ட காட்டி பேசுங்க, பெரும்பாலும் அதுலயே முடிஞ்சுடும். டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து பர்மிட் இல்லாம ஹேண்ட்கன்ன வெளிய கூட எடுத்துட்டு போகலாம்னாலும் இடுப்புல இருக்கற உங்க சொந்த பிஸ்டல வீட்லயே வச்சுட்டு போங்க, போஸ்ட் ஆபீஸ் கட்டடத்துக்கும் பார்க்கிங்குக்கும் தனி ஃபெடரல் ரூல் இருக்கு.

அனுப்பின பிறகு

ட்ராக்கிங் நம்பர வாங்கறவருக்கும் டீலருக்கும் குடுங்க, பெட்டி வந்ததும் சீரியல் நம்பர ரசீதோட ஒத்துப் பாத்து ஒரு ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்க. காணாம போனா போஸ்ட் ஆபீஸ்ல கிளெய்ம் போடறதோட நிக்காம சீரியல் நம்பரோட லோக்கல் போலீஸ்ல அன்னைக்கே ரிப்போர்ட் குடுங்க. டீலர் கணக்குல இருந்த துப்பாக்கின்னா 48 மணி நேரத்துக்குள்ள அவரே ஏடிஎஃப்புக்கும் போலீஸுக்கும் சொல்லணும்.

யாரும் முன்கூட்டி யோசிக்காத ஒரு நெலம இருக்கு, வாங்கறவர் பேக்ரவுண்ட் செக்ல தேறலைன்னா என்ன ஆகும்னு. துப்பாக்கி அப்ப டீலரோட கணக்குப் புத்தகத்துல ஏறியிருக்கும், உங்களுதுதானேன்னு சும்மா திருப்பித் தர முடியாது, நீங்களே 4473 எழுதி பேக்ரவுண்ட் செக் முடிச்சாதான் கையில வரும், அதுக்கு அங்க வரைக்கும் போகணும், இல்லைன்னா உங்க ஊர் டீலருக்கு திருப்பி அனுப்ப வைக்கணும். அந்த செலவு யாருது, பணத்த எத்தன நாள்ல திருப்பித் தரணும், டீலர் வச்சிருக்கற நாளுக்கு ஸ்டோரேஜ் ஃபீஸ் உண்டான்னு எல்லாம் அந்த விற்பனை பேப்பர்லயே ரெண்டு வரி சேத்துக்கோங்க. செக்ல பதில் தாமதமானா மூணு பிசினஸ் நாள் கழிச்சு டீலர் குடுக்க சட்டம் விட்டாலும், 21 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு அது 10 பிசினஸ் நாள் வரைக்கும் நீளலாம், சில டீலர்கள் முழு பதில் வர்ற வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டாங்க. அந்த நாட்கள்ல "உங்க டீலர்கிட்ட சொல்லி சீக்கிரம் குடுக்கச் சொல்லுங்க"ன்னு வாங்கறவர் நச்சரிச்சா டீலர் முடிவுல தலையிடாதீங்க.